தொட்டித் தண்ணீரில் ஐந்து எட்டு

ஒன்றரை வருஷம் நான் நாற்காலியில் உட்கார்ந்தேதான் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் போன அந்த நாட்களைப் பற்றியும், அதிலிருந்து அல்லாஹ் என்னை எப்படி எழுப்பினான் என்பதைப் பற்றியும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற சகோதரிகள் எல்லோர் மேலும் அவனுடைய சாந்தி இருக்கட்டும்.

என் பேர் ஜரீனா. காரிமங்கலத்தில் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். ரவிக்கை தைப்பதில் எனக்கு நல்ல பேர். என் வூட்டுக்காரர் சந்தைக்குச் சந்தை போய் பிளாஸ்டிக் சாமானும் விளையாட்டுப் பொருளும் விற்கிறவர். கோடை வந்துவிட்டால் காற்றடைத்த பந்து, நீச்சல் டியூப், குழந்தைகள் கையில் மாட்டிக்கொள்ளும் காற்றுப் பட்டை எல்லாவற்றையும் கயிற்றில் கோத்துக் கடை முழுக்கத் தொங்கவிட்டிருப்பார். காற்று அடித்தால் கடையே பறந்துவிடும் போல இருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கொரோனா ஓய்ந்து, தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக நடந்த வருஷம் அது. சேலத்தில் ஒரு நிக்காஹ் முடிந்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம். தொப்பூர் ஏற்றத்தில் வரும்போது, எதிரே இறங்கி வந்த லாரி ஒன்று பிரேக் பிடிக்காமல் நடுத்தடுப்பைத் தாண்டி வந்து எங்கள் வேனின் பின்பக்கத்தில் அடித்தது. பின் சீட்டில் நான் இருந்தேன். மற்றவர்களுக்குச் சின்னச் சின்னக் காயம். எனக்கு முதுகெலும்பில் அடி.

சேலத்தில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். "நரம்பு அறுந்து போகலைம்மா, நசுங்கியிருக்குது. திரும்ப வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கால் இரண்டும் இருந்தன. ஆனால் ஊறிக் கனத்த துணி மாதிரி இருந்தன. கிள்ளினால் எங்கோ தூரத்தில் தெரியும். அசை என்றால் அசையாது. தையல் மிஷின் முன்னால் உட்கார வைக்கச் சொல்லி, என் காலை நானே கையால் தூக்கிப் பெடலில் வைத்துப் பார்த்தேன். அது அங்கேயே கிடந்தது. அன்றைக்கே ஒரு போர்வையை எடுத்து மிஷினை மூடச் சொல்லிவிட்டேன். கழிவறைக்குக்கூட என் வூட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போவார். முகம் சுளித்ததே இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் அழுகை வரும்.

ஒரு உண்மையை உங்களிடம் மறைக்கக் கூடாது. ஒரு வருஷம் அழுது கேட்டேன். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன். தொழுகையை விடவில்லை. ஆனால் தொழுது முடித்து துஆவுக்குக் கை ஏந்துவதை நிறுத்திவிட்டேன். கை மடியிலேயே கிடக்கும். "ஒண்ணும் கேக்கலியா?" என்று ஒரு நாள் என் வூட்டுக்காரர் கேட்டார். "கேட்டதெல்லாம் போதுங்க" என்றேன். மூன்று வாரம் அப்படிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் தர்மபுரியில் பிசியோதெரபிக்குப் போன இடத்தில் ஒரு சின்ன வயசுப் பெண், எனக்கு மகள் மாதிரி இருப்பாள், என் காலை மடக்கி நீட்டிவிட்டுச் சொன்னாள்.

"தண்ணிக்குள்ள நடந்து பாருங்கம்மா. உங்க வெயிட்டைத் தண்ணியே தாங்கிக்கும். நெஞ்சளவு தண்ணி இருந்தாப் போதும். கூட ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணும்."

"நீச்சல் குளத்துக்கா? நான் எப்படிம்மா போறது?"

அவளுக்குப் புரிந்தது. நகரத்தில் இருந்த குளத்தில் ஆண்கள் வருவார்கள், சொல்லிக்கொடுப்பவர்களும் ஆண்கள். "தெரிஞ்சவங்க யார் வூட்லயாவது தொட்டி கிட்டி இருக்கான்னு பாருங்க" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, மூன்று வாரத்துக்கு அப்புறம் கை ஏந்தினேன். என்ன கேட்பது என்றே தெரியவில்லை. "ரப்பே, தண்ணி வேணுமாம். மறைவான இடமா வேணும்" என்று மட்டும் கேட்டேன். கேட்டபோது எனக்கே சிரிப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து சரோஜா வந்தாள். பாலக்கோடு போகிற ரோட்டில் ஒரு ஊர். தக்காளி வெள்ளாமை செய்கிற குடும்பம். என்னிடம் ரொம்ப நாளாக ரவிக்கை தைக்கிறவள். விபத்துக்கு முன்னால் கொடுத்த துணி ஒன்று தைக்காமலே கிடந்தது, அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தவள் துணியைக் கையில் வாங்கவில்லை.

"இருக்கட்டும்க்கா. நீங்க எழுந்து வந்து தச்சுக் குடுங்க."

நான் அழுதுகொண்டே பிசியோ பெண் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எங்க தோட்டத்துல மோட்டார் தண்ணி ஏத்தற தொட்டி இருக்குதுக்கா. எனக்கே நெஞ்சு வரைக்கும் வரும். உள்ள இறங்கப் படியும் இருக்குது. நீங்க வாங்க, ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் வராத மாதிரி நான் பாத்துக்கறேன்."

சகோதரிகளே, நான் கேட்டது இரண்டு நாளைக்கு முன்னால்.

தொட்டி கிடைத்தது. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே. பெரியவர்கள் உட்காரும் அளவில் டியூப் என் வூட்டுக்காரரிடம் இல்லை. சேலத்தில் மொத்தமாக வாங்குகிற கடையில் சொல்லி வைத்தார். ஒரு வாரத்தில் வந்தது. பிரித்து, சைக்கிள் பம்ப்பை வைத்துக் காற்றடிக்க ஆரம்பித்தார். வளையம் எழுந்தது. அப்புறம் அதன் முன்னால் ஒரு கழுத்து எழுந்தது. கழுத்துக்கு மேலே மஞ்சள் மூக்கோடு ஒரு வாத்துத் தலை.

"தலை இல்லாம இல்லியாங்க?" என்று கேட்டேன்.

"இந்த சைஸ்ல இதான் இருந்துச்சாம். வெட்டிடலாம்னு பாத்தா காத்து பூரா எறங்கிடும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். விபத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடித்ததும், நாற்பத்தேழு வயசில் வாத்துக்குள் உட்காரப் போகிறேனே என்று வெட்கம் வந்தது.

உடுப்பையும் நானே தயார் செய்தேன். தண்ணீரில் இறங்கினால் துணி பொங்கி மேலே வரும். அதனால் முழுக்கை வைத்த நீள மேல்சட்டையும் கணுக்கால் வரைக்கும் பைஜாமாவும் கையாலேயே தைத்தேன். ஓரத்தை மடித்து, அதற்குள் மெல்லிய சங்கிலி ஒன்றை விட்டு மூடினேன். அது துணியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கு அப்புறம் நான் தைத்த முதல் துணி அது. அதுவும் எனக்காக.

அதற்கப்புறம் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது. கஷ்ட காலத்தை நினைத்து ஏங்குவாளா ஒருத்தி என்று கேட்பீர்கள். நான் ஏங்குகிறேன்.

சரோஜாவின் வூட்டுக்காரர் விடியும்முன் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவார். லோடு இறக்கிவிட்டு, காலி கிரேட்டுகளோடு அவருடைய குட்டியானை வண்டி எட்டு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நிற்கும். என் வூட்டுக்காரர் என்னைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, அவரும் ஏறிக்கொள்வார். வாத்து பின்னால் கிரேட்டுகளுக்கு நடுவில் கட்டிக் கிடக்கும். தலை மட்டும் வெளியே ஆடும். வழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கையாட்டுவார்கள். என்னையும் சேர்த்துத்தான் என்று நினைத்து நானும் கையாட்டுவேன்.

சரோஜா தொட்டியைச் சுற்றிக் கம்பு நட்டு, பச்சை வலையும் அதன் மேல் பழைய சேலைகளும் கட்டி வைத்திருந்தாள். தக்காளிச் செடிக்கு ஒரு வாசம் உண்டு, கையில் பட்டால் போகாது. அந்த வாசமும் புது பிளாஸ்டிக் வாசமும் கலந்து வரும். தண்ணீர் மேலே இளஞ்சூடாக இருக்கும், இடுப்புக்குக் கீழே ஜில்லென்று இருக்கும். என் காலுக்கு அந்த ஜில் முதலில் தெரியவில்லை. பத்தாம் நாளோ என்னவோ தெரிந்தது. "சரோஜா, குளிருது, கால் குளிருது" என்றேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

டியூபில் காற்று முழுசாக இருந்தால் உடம்பைத் தூக்கிவிடும், கால் தரையில் படாது. என் வூட்டுக்காரர் பார்த்துப் பார்த்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே அடித்துக் கொடுப்பார். தினமும் சோப்புத் தண்ணி தடவி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார். அப்புறம் என்னைத் தொட்டிப் படியில் உட்கார வைத்துவிட்டு, வலைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் முதுகு காட்டி உட்கார்ந்துவிடுவார். நான் டியூபைக் கக்கத்தில் அணைத்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்துப் போவேன். நடை என்று சொல்ல முடியாது. டியூபை விட்டால் முட்டி மடிந்துவிடும். அந்தப் பயம் எனக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை.

சரோஜாவுக்கு ஒரே மகள். யாழினி, ஆறு வயசு. என்னை "டைலர் அத்தை" என்று கூப்பிடுவாள். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அவளும் தண்ணீருக்கு வந்துவிட்டாள். என் வூட்டுக்காரர் அவளுக்கு ஆரஞ்சு நிறத்தில் கைப்பட்டை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நீந்துவாள். "அத்தை, உங்க வாத்துக்கு என்ன பேரு?" என்பாள். தினம் ஒரு பேர் வைப்பாள்.

அந்த நாள் வந்தது. செவ்வாயோ வெள்ளியோ, சரோஜா மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். "நல்லா ஊறட்டும், தண்ணியில ஆடிட்டு வந்தா அப்பறம் சீயக்காய் போட்டுடலாம்" என்றாள். கையிலும் தோளிலும் எண்ணெய் மினுமினுத்தது. அதன் மேலேயே கைப்பட்டையை ஏற்றிவிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் சரோஜா, "த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சுக்கா, மோட்டாரைப் போட்டுட்டு வந்துடறேன். பாப்பாவைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் ரூமுக்கு ஓடினாள். கரண்ட் வருகிற நேரத்தை விட்டால் பயிர் காயும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் வூட்டுக்காரரும் அந்நேரம் வண்டியில் ஏதோ எடுக்கப் போயிருந்தார்.

நான் தொட்டியின் ஒரு மூலையில் இருந்தேன். யாழினி எதிர்மூலையில், மேல் படியில் நின்றுகொண்டு, "அத்தை, பாருங்க" என்று குதித்தாள்.

கைப்பட்டை இரண்டும் மேலே வந்தன. அவள் வரவில்லை.

சத்தமே இல்லை, சகோதரிகளே. தண்ணீரில் முங்குகிறவர்கள் கத்துவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆரஞ்சுப் பட்டை இரண்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தன. அதற்குக் கீழே அவளுடைய பாவாடை விரிவது தெரிந்தது.

"சரோஜா" என்று கூப்பிட்டேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையால் தண்ணீரைத் தள்ளினேன். டியூப் முன்னால் போகவில்லை, நின்ற இடத்திலேயே என்னைச் சுற்றிவிட்டது. இரண்டு தரம் சுற்றியது. வாத்துத் தலை எனக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் வந்து மறைத்தது.

அப்போது நான் வாய்விட்டுச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "யா அல்லாஹ், அஞ்சு எட்டு நடக்க விடு. அதுக்கப்புறம் இந்தக் காலை நீயே எடுத்துக்க. இனிமே கேக்க மாட்டேன்."

இரண்டு கையையும் மேலே தூக்கினேன். டியூப் உருவிக்கொண்டு போனது. உடம்பு கீழே இறங்கியது. பாதம் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தது. முட்டி மடியும் என்று ஒன்றரை மாதமாகப் பயந்தேனே, அது மடிந்தது. மடிந்து, நிமிர்ந்தது. ஒரு எட்டு வைத்தேன். நான்தான் வைத்தேனா என்று தெரியாது. இன்னொன்று. மூன்றாவதில் உடம்பு தாழ்ந்து தண்ணீர் வாய்க்குள் போனது. துப்பிவிட்டு இன்னொன்று. ஐந்தாவது எட்டில் தண்ணீருக்குள் கையை விட்டேன், அவளுடைய சடை கையில் சிக்கியது. இழுத்து, அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டேன். முதுகில் தட்டினேன். தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். அப்புறம் அழுதாள். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

சரோஜா வலையை விலக்கிக்கொண்டு வந்தாள். வாத்து ஒரு பக்கம் காலியாகக் கிடந்தது. அவளுடைய மகள் என் தோளில் கிடந்தாள். அவளுக்கு முதலில் மகள்தான் தெரிந்தாள், அது இயல்பு. குதித்து வந்து வாங்கிக்கொண்டாள். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்ட பின்தான் என்னைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக, "நிக்கறீங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தெரிந்த உடனே பயம் வந்து தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தையைப் பாலக்கோட்டுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தண்ணீர் குடித்த குழந்தை எழுந்து விளையாடினாலும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். என் வூட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் சரோஜாவின் வூட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்த பொருள்ங்க அது" என்று அழுதார். "பாய், உங்க வூட்டம்மாதான் என் புள்ளையத் தூக்குனாங்க. அழாதீங்க" என்று அவர் சொன்னார்.

அன்றிலிருந்து என் வூட்டுக்காரர் யார் டியூப் வாங்கினாலும் சும்மா கொடுப்பதில்லை. "எண்ணெய்க் கையோட மாட்டாதீங்க. இது விளையாட்டுச் சாமான், உசுரைக் காப்பாத்தாது. கை எட்டற தூரத்துல நீங்க நில்லுங்க" என்பார். இப்படிச் சொன்னால் யாவாரம் கெடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். அவர் நிறுத்தவில்லை.

என் கதைக்கு வருகிறேன். காலை நீயே எடுத்துக்க, இனிமேல் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன் அல்லவா? மறுநாள் பிசியோ பெண்ணிடம் போனேன். அல்லாஹ் காலை எடுத்துக்கொண்டிருப்பான் என்றே நினைத்துப் போனேன். அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். "இன்னும் தள்ளுங்க" என்றாள். அவள் கை பின்னால் போனது.

அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றுக்கொண்டுதான் இருந்தது, ஆறு வாரம் தண்ணீரில் நடந்த பலன் அது, பயம்தான் உங்களைப் பிடித்து வைத்திருந்தது என்று அவள் விளக்கினாள். நான் மறுக்கவில்லை. அந்த ஆறு வாரத்தையும், அந்தத் தொட்டியையும், துணியைத் திருப்பி வாங்க மறுத்த சரோஜாவையும் எனக்கு யார் கொடுத்தது என்று மட்டும் யோசித்தேன்.

ஒரே நாளில் ஓடிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தரையில் நடக்க இன்னும் நாலு மாசம் ஆனது. முதலில் வாக்கர், அப்புறம் ஊன்றுகோல். இன்றைக்கும் இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்காலியைத் தள்ளிவிட்டு, விரிப்பில் இறங்கி நெற்றியைத் தரையில் வைத்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, என் வூட்டுக்காரர் பயந்துபோய்த் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

போர்வையை எடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்ததும் முதலில் தைத்தது சரோஜாவின் ரவிக்கை. அளவு மாறியிருந்தது, பிரித்து மறுபடி தைத்தேன்.

இப்போது அவர்கள் ஓசூருக்குப் போய்விட்டார்கள். சரோஜாவின் வூட்டுக்காரருக்கு அங்கே கம்பெனி வேலை கிடைத்தது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். போன மாசம் பாலக்கோடு பஸ்ஸில் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டி தெரிந்தது. வலை இல்லை. யாரோ அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய் அந்தத் தண்ணீரில் ஒரு தரம் கையை வைத்துவிட்டு வரலாமா என்று இருந்தது. பஸ் நிற்கவில்லை. யாழினி ஓசூரில் முறையாக நீச்சல் கற்றுக்கொள்கிறாள். வீடியோ காலில் பேசுவாள். அன்றைக்கு நடந்தது அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. நான் நினைவுபடுத்துவதும் இல்லை.

இப்போது எனக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது. நடக்கிறேன், தைக்கிறேன், கடைக்குப் போகிறேன். ஆனால் ஒவ்வொரு எட்டுக்கும் அவனைக் கூப்பிட்ட அந்தக் காலைகள் மாதிரி இப்போது கூப்பிடுகிறேனா என்று கேட்டால், இல்லை. அதனால்தான் ஏக்கம். அதனால்தான் விடிகாலையில் சுபுஹு தொழுததும் வேலைக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் விரிப்பிலேயே உட்கார்ந்து, காலை நீட்டி, விரலை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுத்தான் எழுகிறேன்.

சகோதரி, நீங்களும் என்னை மாதிரி கேட்டுக் கேட்டுச் சலித்துக் கையை மடியில் போட்டிருக்கலாம். நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அந்தச் சலிப்பு தெரியும். பெரிதாக ஒன்றும் கேட்க வேண்டாம். இன்றைக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேளுங்கள். பதில் எந்த ரூபத்தில் வர வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் கேட்காமல் இருந்த அந்த மூன்று வாரமும் அவன் என்னை விட்டுப் போகவில்லை. உங்களையும் விட்டுப் போகவில்லை. கையை ஏந்துங்கள்.